கிளிப் பாக்குவெட்டி

வீட்டுச் சாமான் ஒன்று சிற்பமாகவும் இருத்தல் கூடும். சிற்பம் ஒன்று வீட்டுச் சாமானாகவும் உழைத்தல் கூடும். இவ்வுண்மையை நம் தமக்கையாரின் மகள் நமக்குப் புதுச்செய்தி போலக் கூறினாள். கேட்டு நகைத்தோம். நகைத்தது பிழையென்று சின்னாட்களில் உணர்ந்தோம். அவ்வரலாற்றை நேயர்களிடம் ஒளியாது சொல்லுதல் நலமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காச் சந்தையில் கீரையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலையைக் கடந்து கேம்பல் சந்து வழியே அவளுடன் நடந்துகொண்டிருந்தோம். பித்தளைக் கடையொன்றின் வாயிலில் குத்துவிளக்குகள் வெயிலில் மின்னின. அவற்றை நோக்கி நின்றபோது அப்பெண் தன் பையினின்றும் கைப்பிடியளவு உலோகப் பறவையொன்றை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தாள்.

"மாமா, இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்."

திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பருத்த வயிறு, திறந்த அலகு, 'எனக்கென்ன' என்பது போன்ற முகம். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் பயன் விளங்கவில்லை. அவள் பறவையின் அலகைக் காட்டி, "இது புட்டி மூடி திறக்கும் கருவி," என்றாள். பாதத்தின் அடியில் 42/200 என்று பொறித்திருந்தது. இருநூறே வார்த்தனராம், இது நாற்பத்திரண்டாவதாம், இனி ஒன்றும் வார்க்கமாட்டாராம். விலை இருநூற்றெண்பது வெள்ளியாம்! ஒன்றரை வெள்ளிக்கு இதே வேலையைச் செய்யும் கருவி எந்தச் சந்தையிலும் அகப்படுமே என்றோம்.

"அது மூடியைத் திறக்கும், மாமா. அதைப் பார்த்தால் சிரிப்பு வருமா?" என்று கேட்டாள்.

இதற்கு நம்மிடம் விடையில்லை. விடையில்லாத கிழவர் செய்வதையே நாமும் செய்தோம். "இதெல்லாம் நம் வீட்டில் எப்போதோ இருந்தது," என்று பெருமை பேசி, அவளை வீட்டுக்கு அழைத்துச் சென்று, அலமாரியின் மேல்தட்டிலிருந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கினோம். அதனுள் வெள்ளைத் துணியிற் சுற்றி வைத்திருந்தது ஒரு பாக்குவெட்டி. அதன் வடிவம் கிளி.

ஒரு சாண் நீளம். உடல் பித்தளை; வெட்டும் அலகு இரும்பு. கிளியின் மூக்கருகே கீல்; வயிற்றின் கீழே கூர்; பின்னே நீண்டு செல்லும் வாலே மேற்கைப்பிடி. சிறகில் உளியால் இழைத்த வரிகள். ஒரு கண் பெரிது, மற்றது சிறிது. கீழ்க் கையில் பாக்கை வைத்து வாலை அழுத்தினால் 'நறுக்' என்று இரண்டு துண்டு. கீல் ஒரு முனையில், நம் கை மறுமுனையில், பாக்கு இவ்விரண்டுக்கும் நடுவே, கீலையடுத்து. ஆதலின் மெலிந்த கிழவியின் கைக்கும் கடினமான கொட்டைப்பாக்கு அடங்கிப் போகும். செய்தவனுடைய குறும்பை என்னென்பது! கொட்டையைக் கொறிப்பது கிளியின் இயல்பு. அத்தொழிலையே அதற்குக் கொடுத்துவிட்டான். கண்டவர் நகைப்பர், நகைத்துக்கொண்டே வெட்டுவர்.

அப்பெண் தன் பறவையைக் கீழே வைத்துவிட்டாள். "இதற்கு எண் இல்லையா, மாமா?" என்றாள். இல்லை என்றோம்.

நிற்க. இவ்வகைப் பொருள்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. சங்க நூல்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனையில் எரிந்த விளக்கைக் கூறுமிடத்து, அது யவனர் செய்த பாவையென்றும், அப்பாவை கையிலேந்திய அகலில் நெய் வார்த்துச் சுடர் ஏற்றினரென்றும் கூறுகின்றது. கடல் கடந்து வந்த கைவினை அது. சிற்பமும் அதுவே, விளக்கும் அதுவே. பிற்காலத்துக் கோயில்களிலே நிற்கும் பாவை விளக்குகளும் அவ்வழி வந்தனவே. ஏந்திய கை ஏந்தியபடியே நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் அப்பெண்ணுருவைக் காணும்போதெல்லாம், 'அம்மா, சற்றே உட்கார்' என்று சொல்லத் தோன்றும் நமக்கு.

மலாய் மக்களிடத்தும் இவ்விளையாட்டு உண்டு. அவர்தம் தேங்காய்த் துருவிகளிற் பலவற்றை விலங்குருவாகவே செதுக்கியுள்ளனர். துருவுவோர் அவ்விலங்கின் முதுகில் ஏறி அமர்வர். அதன் வாயினின்றும் நீண்ட இரும்பு நாக்கிலே தேங்காயைத் துருவுவர். அவர்தம் பாக்குவெட்டிகளிலும் பறவையும் குதிரையும் தலைகாட்டும். நம் நகரில் ஆர்மீனியன் வீதியிலுள்ள பெரனாக்கான் பொருட்காட்சிச் சாலைக்குச் செல்வோர், அம்மக்கள் தம் வெற்றிலைப் பெட்டிகளை எத்துணை அழகு செய்தனர் என்பதைக் கண்ணாரக் காணலாம். 'பினாங்' என்பது மலாய் மொழியிற் பாக்கின் பெயர். பினாங்குத் தீவு அம்மரத்தாற் பெயர் பெற்றது. பெண் கேட்டலை அவர்கள் 'மெமினாங்' என்பர். அச்சொல்லின் உள்ளேயும் பாக்கே இருக்கின்றது. நாமோ நிச்சயதாம்பூலம் என்கிறோம். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் திருமணத்தின் முதற்சொல்லைப் பாக்கே பேசிற்று.

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். சுவாமிமலையில் உருவம் வார்ப்போர் முதலில் மெழுகால் உரு அமைப்பர். அதன்மேல் மண் பூசிக் காயவைப்பர். தீயிலிட மெழுகு உருகி ஓடும். வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். ஆறியபின் மண் அச்சை உடைப்பர். உடைத்த அச்சு மீளாது. ஆகவே அம்முறையில் வார்த்த உரு ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. இருநூறு என்று வரம்பு கட்ட வேண்டிய தேவை அங்கே இல்லை; கைத்தொழிலே வரம்பு கட்டிவிடுகின்றது. இன்று இயந்திரம் இலட்சம் செய்ய வல்லது. ஆதலின் இருநூற்றோடு நிறுத்துவோம் என்று வணிகர் வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதிற் பிழையில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புதுப்பறவையின் பெட்டியில் அதனை வகுத்தவர் பெயர் அச்சிடப்பெற்றிருந்தது. நம் கிளியைச் செய்த கையின் பெயர் எங்கும் இல்லை. விளக்கும் கலமும் பாக்குவெட்டியும் செய்து தலைமுறை தலைமுறையாக வீடுகளை அழகு செய்தோரைக் 'கைவேலைக்காரர்' என்று வாயிற்படியிலேயே நிறுத்தி அனுப்பிய சமுதாயம் நம்முடையது. பெயர் பொறிக்கும் புது வழக்கத்தை நாம் மனமார வரவேற்கின்றோம்.

புகழ் பெற்ற பெயரோடு வந்த பொருளொன்றின் கதையும் இங்குச் சொல்லத்தக்கது. 1967-ஆம் ஆண்டு ஏர் இந்தியா விமான நிறுவனத்தார், ஸ்பெயின் நாட்டு ஓவியர் சல்வதோர் தாலியிடம் சாம்பற்கிண்ணம் ஒன்று வகுத்துத் தருமாறு கேட்டனர். அவர் வகுத்தது வெள்ளைப் பீங்கானில் ஒரு சிப்பி. விளிம்பைச் சுற்றி ஒரு பாம்பு. தாங்கும் கால்களோ யானைத்தலையும் அன்னமும். யானையைத் தலைகீழாக்கினால் அன்னம். அன்னத்தைத் தலைகீழாக்கினால் யானை! 1937-ஆம் ஆண்டில் தாம் தீட்டிய ஓவியமொன்றில் அன்னங்களின் நிழல் நீரில் யானைகளாய்த் தோன்றுமாறு அமைத்தவர் அவர். அதே குறும்பைக் கிண்ணத்திலும் வைத்தார். சில நூறு கிண்ணங்களே செய்து, தேர்ந்த பயணிகட்குப் பரிசாக வழங்கினர். கூலி யாது என்று கேட்டபோது, பணம் வேண்டா, யானைக்குட்டி ஒன்று வேண்டும் என்றாராம். நிறுவனத்தாரும் சளைக்கவில்லை. இந்தியாவினின்றும் ஒரு யானைக்குட்டியை விமானத்தில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்பிவைத்தனர்.

இக்கதையை அப்பெண்ணுக்குச் சொன்னோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபின், "ஆனால் மாமா, அதில் போடுவது சாம்பல்தானே?" என்றாள்.

விளையாட்டாகக் கேட்டாள். அச்சொல் நம் நெஞ்சிலே தைத்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஏனெனில் கிளியின் கதையில் நாம் அவளுக்குச் சொல்லாது விட்ட பகுதி ஒன்று இருந்தது.

அக்கிளி நம் அப்பாயியுடையது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலே திருமணத்தின்போது தாய்வீட்டார் கொடுத்த சீர்களுள் ஒன்று. 1937-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறியபோது அவள் கொண்டுவந்த மூட்டையிலே இரண்டு சேலையும், ஒரு செம்பும், இக்கிளியும் இருந்தன. அடுத்த ஆண்டே தோட்டக் கூலிகளாக மக்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. அவள் ஜொகூர் நாட்டு ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே முப்பதாண்டுகள் வாழ்ந்தாள். விடியுமுன் பெரட்டு, பின்னர் பால்வெட்டு, மங்கு மங்காய்ப் பாலை வாளியிற் சேர்த்துத் தலைச்சுமையாய்த் தூக்கி வருதல். "வெற்றிலை போட்டுக்கொண்டால் பசி தெரியாது, சாமி," என்பாள். தோட்டத்தில் வாழ்ந்த நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கிளிக்கு அவள் 'மாணிக்கம்' என்று பெயரிட்டிருந்தாள். மாலையில் லயத்தின் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்து, "மாணிக்கத்தைக் கூப்பிடு, அப்பாயிக்குக் கொத்திக் கொடுக்கட்டும்," என்பாள். நமக்கு அப்போது வயது எட்டு. கிளியை ஓடிச்சென்று எடுத்து வருவோம். பாக்கை வைத்து இருகையாலும் வாலை அழுத்துவோம். நறுக்கென்ற ஓசை கேட்டதும் அவள் கைதட்டுவாள். நாள்தோறும் அத்தொழில் நம்முடையது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் பொறாமையோடு பார்ப்பர். அவ்வளவு பெருமை அதற்குப்பின் நம் வாழ்நாளில் எவ்வேலையிலும் நமக்குக் கிட்டியதில்லை.

முதலிற் குழம்பின் காரம் அவள் வாயை எரித்தது. காரத்தைக் குறைத்தார்கள். பின்னர் வாய் முழுதும் திறக்க மாட்டாதாயிற்று, கவளத்தைச் சிறிதாக்கினார்கள். பின்னர்க் கன்னத்தின் உட்புறத்தே புண். பட்டணத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, மருத்துவர் வேறொன்றும் வினவவில்லை. எத்தனை ஆண்டு வெற்றிலை பாக்கு என்று மட்டும் வினவினார். 1969-ஆம் ஆண்டு அவள் இறந்தாள். நமக்கு வயது பதினொன்று. தந்தையார் கிளியைத் துடைத்து, வெள்ளைத் துணியிற் சுற்றி, பிஸ்கட் டின்னில் இட்டு மூடினார். அது பற்றி ஒரு சொல்லும் பேசினாரில்லை.

புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சி முகமை 1985-ஆம் ஆண்டிலேயே கூறிற்று. 'புகையிலைதானே கெடுதி, பாக்கு என் செய்யும்?' என்போர் பலர் இன்றும் உளர். அவர்க்கும் அதே முகமை 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விடை கூறிற்று: புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், பாக்கு ஒன்றே தனித்தும், மக்களுக்குப் புற்றுநோய் விளைப்பனவே. வாயின் உட்சதை இறுகி, வாய் திறக்க மாட்டாமற் போகும் நோய்க்கும் பாக்கே காரணம். சிங்கப்பூர் அரசாங்கம் குட்கா, கைனி, ஜர்தா முதலிய புகையிலைச் சரக்குகளைத் தடை செய்துவிட்டது. வெற்றிலையும் பாக்குமோ தேக்காவில் இன்றும் பச்சைப் பசேலென்று அடுக்கி விற்கப்பெறுகின்றன.

அழகிய கலம் தீய பழக்கத்துக்குத் துணை போதல் கூடும் என்பதை அப்போதுதான் முழுதும் எண்ணிப் பார்த்தோம். தாலியின் கிண்ணம் ஏந்தியது சாம்பல். நம் மாணிக்கம் கொத்திக் கொடுத்தது நஞ்சு. வெறும் இரும்புத்துண்டாய் இருந்திருந்தால் எட்டு வயதுச் சிறுவன் அதனை நோக்கி ஓடியிருப்பானா? சிரிப்பூட்டும் அழகே நம் கையைப் பிடித்து இழுத்தது. இதனை உலகுக்குச் சொல்வதிற் பயனில்லை. சொல்லவேண்டியது ஒருவரிடம் இருந்தது. அவர் நம் தமக்கையார்.

அக்காவுக்கு வயது எழுபத்தொன்று. ஈசூனில் இருக்கின்றார். நாற்பதாண்டுகளாய் வெற்றிலை போடுகின்றார். இடுப்பிற் சுருக்குப்பை இன்றி அவரை நாம் கண்டதில்லை. நாமும் நாற்பதாண்டுகளாய் வாளா இருந்தோம். தம்மை வளர்த்த அக்காவுக்கு அறிவுரை கூறத் தம்பிக்கு நா எழுவதில்லை. அதனை மரியாதையென்று பெயரிட்டுக்கொண்டோம். கோழைத்தனம் என்பதே அதற்குத் தக்க பெயர்.

மறுவாரம் மகளின் நிச்சயதார்த்தம் பற்றிப் பேச அவரே வந்தார். டின்னிலிருந்த கிளியை மகள் கூறக் கேட்டிருக்கிறார். "தம்பி, அப்பாயியின் பாக்குவெட்டியை எனக்குக் கொடுத்துவிடு. நிச்சயத் தட்டில் வைக்கவேண்டும். பிறகு என்னிடமே இருக்கட்டும். மூத்தவள் நான், வெற்றிலை போடுகிறவளும் நான். உனக்கு அது எதற்கு?" என்றார்.

முறையான கேள்வி. பொருள் அவருக்கும் உரியது. கொடுத்தால் அவர் அதனால் பாக்கு வெட்டுவார். நாம் இரண்டாம் முறையும் வாலை அழுத்தியவர் ஆவோம். கொடுக்க மறுத்தாலோ பாட்டியின் சொத்தைப் பதுக்கிய தம்பி ஆவோம். விற்றுவிட்டதாகப் பொய் சொல்லலாமா என்றும் ஒரு கணம் எண்ணினோம், வெட்கினோம்.

சொன்னோம். அப்பாயியின் வாய் எரிந்ததும், மூடியதும், மருத்துவர் வினவியதும், நாம் பின்னர்ப் படித்தறிந்ததும் எல்லாம் சொன்னோம். கிளி உங்களுடையதே, அக்கா. ஆனால் அதில் பாக்கு வைக்கமாட்டேன் என்று வாக்குத் தந்தால் இப்போதே தருவோம் என்றோம்.

அக்காவின் முகம் சிவந்தது. "அப்பாயி விதி முடிந்து செத்தாள். அவளுக்கு இருந்த ஒரே சுகத்தை இப்போது குற்றம் சொல்கிறாயா? படித்தவன் பேச்சு!" என்று எழுந்தார். காப்பியைத் தொடவில்லை. பதினொரு நாள் பேசவும் இல்லை.

அவர் சொல்லில் உண்மை இல்லாமலில்லை. உழைத்துக் களைத்த பெண்ணுக்குத் தோட்டம் வேறு சுகம் யாது கொடுத்தது? பசியை மறக்கப் பாக்கைக் கொடுத்த உலகமே குற்றவாளி, அப்பாயி அல்லள். ஆனால் அக்கா லயத்தில் இல்லை, பசித்தும் இல்லை. இதனை நாம் நமக்குள்ளேயே சொல்லிக்கொண்டோம்.

பன்னிரண்டாம் நாள் இரவு தொலைபேசி மணி அடித்தது. "தம்பி," என்றார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஆறு மாதமாகக் காரம் தின்ன முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை," என்றார்.

மறுநாட் காலையில் உடன் சென்றோம். கன்னத்தின் உள்ளே வெண்படலம் ஒன்று இருந்தது. சிறு துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினர். முடிவு வரும்வரை நாம் உண்டது உணவல்ல, உறங்கியது உறக்கமல்ல. புற்றல்ல என்று வந்தது. ஆயினும் புற்றாய் மாறக்கூடியது. பழக்கத்தை அறவே விடவேண்டும். குறித்த காலங்களில் வந்து காட்டவேண்டும் என்றனர். அக்கா தலையசைத்தார். வெளியே வந்ததும் சுருக்குப்பையை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் எறிவார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவ்வாறு செய்யவில்லை. பையைப் பிரித்து, வெற்றிலையையும் பாக்கையும் எறிந்துவிட்டு, வெறும் பையை மீண்டும் இடுப்பிலேயே செருகிக்கொண்டார். இன்றும் பேச்சினிடையே அவர் கை இடுப்புக்குச் செல்லும். ஏலக்காய் ஒன்றை எடுத்து வரும். சில நாட்களிற் கடுஞ்சினம் கொள்கின்றார். நாம் பொறுத்துக்கொள்கின்றோம்.

நிச்சயத் தட்டில் வெற்றிலை இருந்தது, பாக்கும் இருந்தது, வழக்கத்தை யாரும் குறைக்கவில்லை. அதன் நடுவே புளியிட்டுத் துலக்கிய மாணிக்கம் பொன்போல் அமர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குழந்தைகள் அதனைச் சுற்றி நின்று வாலை அசைத்துச் சிரித்தன. சடங்கு முடிந்தபின் அக்கா அதனை எடுத்துத் தம் மகள் கையிற் கொடுத்து, "இது உன் பூட்டி வைத்திருந்தது. பாக்கு மட்டும் வெட்டாதே," என்றார். வேறொன்றும் கூறவில்லை.

இப்போது அப்பெண்ணின் சமையலறையில் ஒரே தட்டில் இரண்டு பறவைகள் இருக்கின்றன. ஒன்று 42/200. மற்றது எண்ணில்லாதது. முன்னது சோடாப் புட்டிகளைத் திறக்கின்றது. பின்னது காப்பிக்குக் கருப்பட்டி உடைக்கின்றது. சென்ற வாரம் அங்குச் சென்றபோது, "மாமா, மாணிக்கத்தைக் கூப்பிடுங்கள்," என்று கட்டிக் கருப்பட்டி ஒன்றை முன்னே வைத்தாள். வாலை அழுத்தினோம். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே ஓசை. அக்கா எதிரே அமர்ந்திருந்தார், கைதட்டினார்.

நேயர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டின் இருக்கலாம். அதனுள் கிளியோ மயிலோ குதிரையோ துணியிற் சுற்றிக் கிடக்கலாம். எடுத்துத் துலக்குங்கள், இது யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், புது வேலை ஒன்று கொடுங்கள். உங்கள் வீட்டிலும் காரம் எரிகிறது என்று வாய் திறந்து சொல்லாத அக்கா ஒருவர் இருக்கலாம். அவரிடம் இன்றே கேளுங்கள். நாம் நாற்பதாண்டு கழித்துக் கேட்டோம்.